உப்புக்கறி, வெடியுப்பு, கருவாடு: தரங்கம்பாடியிலிருந்து ஒரு குடல் கணக்கு

2015 அக்டோபர் கடைசியில் வந்த அந்தச் செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்தது. இது உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு பிரிவு. சிவப்பு இறைச்சியும் "அநேகமாக" உண்டாக்கக்கூடும் என்றது. நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இது இரண்டே நாளில் "அசைவம் சாப்பிட்டால் குடல் கேன்சர்" என்று சுருங்கிவிட்டது. சைவக்காரர்கள் சந்தோஷமாக ஃபார்வர்டு பண்ணினார்கள். மற்றவர்கள் பிரியாணிப் படம் போட்டுப் பதில் சொன்னார்கள்.

அந்த அறிவிப்பில் சைவம், அசைவம் என்ற பிரிவே கிடையாது. அது பேசியது எந்த இறைச்சி, எப்படிப் பதப்படுத்தியது, தினம் எத்தனை கிராம் என்பதைப் பற்றி. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல இடம் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை, 225 வருஷம், டென்மார்க்காரர்கள் அங்கே இருந்தார்கள். ஒரே கடற்கரையில் இரண்டு சாப்பாட்டு முறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பின்னாளில் அதில் ஒரு நாடு, உலகத்திலேயே குடல் புற்றுநோய் மிக அதிகமாகப் பதிவாகும் நாடுகளில் ஒன்றாக ஆனது. இன்னொன்று இன்னமும் மிகக் குறைவாகப் பதிவாகும் பகுதிகளில் ஒன்று.

முதலில் அந்தக் கப்பல்காரர்கள் என்ன சாப்பிட்டார்கள்? ஓவே யெட்டே தலைமையில் டேனிஷ் கப்பல்கள் 1618இல் கோபன்ஹேகனை விட்டுக் கிளம்பி, 1620இல்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். ஒன்றரை வருஷப் பயணம், வழியில் ஏகப்பட்ட சாவு. அந்தக் காலத்து ஐரோப்பியக் கப்பல்களின் சாப்பாடு ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: பீப்பாயில் உப்புப் போட்டு அடைத்த பன்றிக்கறி, மாட்டுக்கறி, காய்ந்த மீன், கல் மாதிரி ரொட்டி, பட்டாணி, பீர். காய்கறி, பழம் என்ற பேச்சே இல்லை. அப்போது அவர்களைக் கொன்றது ஸ்கர்வியும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்தான். குடல் புற்று வருகிற வயசு வரைக்கும் பாதிப் பேர் உயிரோடு இருந்ததே இல்லை.

தரங்கம்பாடிக்காரர்கள் அவர்கள் சாப்பாட்டைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு நல்ல ஆவணம் இருக்கிறது. 1706இல் வந்த சீகன்பால்குவும் அவருடன் வேலை செய்த க்ரூண்ட்லரும் 1712 முதல் 1714 வரை ஊர்ப் பெரியவர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, தமிழில் பதில் வாங்கி, ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலே நகரத்துக்கு அனுப்பினார்கள். மொத்தம் 99 கடிதங்கள். உங்கள் மதத்தை நாங்கள் ஏன் ஏற்கவில்லை என்பதற்கு எழுதியவர்கள் சொன்ன காரணங்களில் மாட்டுக்கறி தின்பதும், குடிப்பதும், கழுவிச் சுத்தம் பண்ணிக்கொள்ளாததும் வருகின்றன. கவனியுங்கள், யாரும் "இதனால் நோய் வரும்" என்று வாதம் பண்ணவில்லை. அவர்கள் கவலை ஆசாரத்தைப் பற்றியது.

நம்முடைய சைவம், அசைவம் என்ற பிரிவு அங்கேதான் பிறந்தது, கோயிலிலும் சாதியிலும். மருத்துவத்தில் இல்லை. டெல்டாவில் உழைத்த மக்களில் ஒரு பகுதிக்கு மாட்டுக்கறி கிடைக்கிற நாளில் கிடைக்கிற சாப்பாடு. அதையே காரணமாகக் காட்டி அவர்களைத் தள்ளி வைத்தார்கள். பட்டினவர் தெருவில் தினமும் மீன். கடைத்தெருவில் மரக்காயர் வீட்டுச் சமையல். அக்ரகாரத்தில் பருப்பும் மோரும். எல்லோருக்கும் பொது, சோறு. இன்றைய கணக்கும் இதை ஒட்டியதுதான்: 2014இன் மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 97.65 சதவீதம் பேர் அசைவம். அசைவம்தான் குடல் புற்றுக்குக் காரணம் என்றால் தமிழ்நாடு உலகப் பட்டியலில் உச்சியில் இருக்க வேண்டும். இல்லை. இந்தியா முழுவதற்கும் எடுத்தால் வயது சரிக்கட்டிய கணக்கில் வருஷத்துக்கு லட்சம் பேரில் சுமார் 5 பேர். டென்மார்க்கில் 40க்கு மேல்.

(இதில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. டென்மார்க் 2014 முதல் நாடு முழுக்க மலப் பரிசோதனை நடத்தித் தேடிப் பிடிக்கிறது. நம்ம ஊரில் கண்டுபிடிக்காமலேயே போகிறவர்கள் நிறைய. ஆனால் அதெல்லாம் சேர்த்தாலும் எட்டு மடங்கை விளக்க முடியாது.)

இப்போது வெடியுப்புக்கு வருகிறேன். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இது. கறியை வெறும் உப்பில் போட்டால் சாம்பல் நிறமாகும். கூட ஒரு சிட்டிகை வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், சேர்த்தால் ரோஜா நிறம் வரும், சீக்கிரம் கெடாது. ஐரோப்பாவில் இது பழைய வழக்கம். 17, 18ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கு வெடியுப்பு சப்ளை செய்த பெரிய இடம் பீகார், பாட்னா பக்கம். ஆங்கிலேயர், டச்சுக்காரர், டேனிஷ்காரர் எல்லோரும் வங்காளத்திலிருந்து அதை ஏற்றிக்கொண்டு போனார்கள். 1755இல் டேனிஷ்காரர்கள் செராம்பூரில் கடை போட்டதற்குப் பின்னால் இந்த மாதிரிச் சரக்குகளும் இருந்தன. பெரும்பகுதி துப்பாக்கி மருந்துக்குப் போனது, சந்தேகமில்லை. கொஞ்சம் கறிப் பீப்பாய்க்கும் போனது.

நைட்ரேட் கறிக்குள் என்ன பண்ணுகிறது என்பது ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. 1891இல் பொலென்ஸ்கே என்ற ஜெர்மன் வேதியியலாளர், பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது என்று காட்டினார். 1901இல் ஹால்டேன் அந்தச் சிவப்பு நிறம் எப்படி வருகிறது என்று விளக்கினார். அப்புறம் என்ன, நேராக நைட்ரைட்டையே போட்டுவிடலாமே என்று தொழிற்சாலைகள் புரிந்துகொண்டன. நாள் கணக்கில் ஆகிற வேலை மணிக்கணக்கில் முடிந்தது.

அதே சமயத்தில் டென்மார்க்கில் இன்னொரு மாற்றம். 1887இல் ஜெர்மனி உயிர்ப்பன்றி இறக்குமதியைத் தடை பண்ணியது. டேனிஷ் விவசாயிகள் அதே வருஷம் ஹோர்சன்ஸ் என்ற ஊரில் முதல் கூட்டுறவு இறைச்சிக் கூடத்தைத் திறந்து, பன்றியைப் பேக்கனாக்கி இங்கிலாந்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். தரங்கம்பாடியை செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போய் 42 வருஷம் ஆகியிருந்தது. இந்தியா வியாபாரத்தில் கிடைக்காத பணம் பன்றியில் கிடைத்தது.

பிறகு 1917. முதல் உலகப்போரில் கடல் முற்றுகையால் டென்மார்க்குக்கு வெளித் தானியம் நின்றது. இருக்கிற தானியம் பன்றிக்கா மனுஷனுக்கா என்ற கேள்வி. மிக்கெல் ஹிந்தேடே என்ற மருத்துவரின் யோசனையைக் கேட்டு அரசு மனுஷனுக்கு என்று முடிவு பண்ணியது. ஐந்தில் நாலு பங்கு பன்றிகள் வெட்டப்பட்டன. தவிட்டோடு சேர்ந்த ரொட்டி, பார்லிக் கஞ்சி, உருளைக்கிழங்கு, கீரை, பால். சாராயத்துக்குத் தானியம் கிடையாது, வரியும் பல மடங்கு. 1917 அக்டோபர் முதல் ஒரு வருஷத்தில் ஆயிரத்துக்கு 12.5 ஆக இருந்த சாவு விகிதம் 10.4க்கு இறங்கியது. 1920இல் ஹிந்தேடே இதை அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார்.

இதை வைத்துக்கொண்டு "கறியை நிறுத்தினால் கேன்சர் போகும்" என்று சொல்கிறவர்கள் இணையத்தில் நிறையப் பேர். சொல்ல முடியாது. குடல் புற்று ஒரு சின்ன முளையிலிருந்து வளர 10, 15 வருஷம் எடுக்கும். ஒரு வருஷத்துச் சாப்பாடு அதை அசைக்காது. கறி குறைந்தபோதே குடியும் குறைந்தது, நார்ச்சத்து கூடியது. எது என்ன பண்ணியது என்று பிரிக்கவே வழியில்லை. ஒரே ரிலீஸில் பத்து மாற்றம் பண்ணிவிட்டு எந்த மாற்றத்தால் சர்வர் வேகமாச்சு என்று கேட்கிற மாதிரி.

பிரித்துப் பார்க்க நீண்ட காலப் பதிவு வேண்டும். அதையும் டென்மார்க்தான் முதலில் செய்தது. 1942இல் அங்கே புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கி, 1943 முதல் நாடு முழுக்க ஒவ்வொரு நோயாளியும் பதிவாகிறார். ஒரு தேசத்துக்கே லாக் ஃபைல். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இந்த மாதிரிப் பதிவு 1982இல் இருந்து இருக்கிறது. அந்த 39 வருஷ இடைவெளி நமக்குத் தெரியாமல் போன எத்தனையோ விஷயங்களின் அளவு.

பதிவேடு இருந்ததால் ஒப்பிட முடிந்தது. 1975இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ரிச்சர்ட் டாலும் பல நாடுகளின் உணவையும் புற்றுநோயையும் வரைபடத்தில் போட்டார்கள். கறி அதிகமாகத் தின்னும் நாட்டில் பெருங்குடல் புற்று அதிகம் என்று கோடு அழகாக ஏறியது. ஆனால் அந்த நாடுகளில் காரும் நாற்காலியும் கூடத்தான் அதிகம். 1977இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடச் சுவாரஸ்யம். கோபன்ஹேகனில் பெருங்குடல் புற்று, பின்லாந்தின் குவோபியோ கிராமப்புறத்தைவிட நாலு மடங்கு. இரண்டு பக்கமும் குளிர் நாடு, இரண்டு பக்கமும் கொழுப்பு தாராளம். வித்தியாசம் எங்கே? பின்லாந்துக்காரர்கள் கம்பு மாதிரிக் கறுப்பான முழுத் தானிய ரொட்டியும் பாலும் அதிகம் எடுத்தார்கள், மலத்தின் அளவு அதிகம். டேனிஷ்காரர்களிடம் வெள்ளை ரொட்டியும் கறியும் அதிகம். அதாவது கறி மட்டும் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. பக்கத்திலேயே வெள்ளை மாவும் நிற்கிறது.

இதே காலத்தில் உகாண்டாவில் வேலை பார்த்த பர்கிட் என்ற அறுவை மருத்துவர், ஆப்பிரிக்கக் கிராமங்களில் இந்த நோயே அபூர்வம், காரணம் நார்ச்சத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடம் மாறினவர்கள் கதையும் சேர்ந்தது. ஜப்பானில் குறைவாக இருந்த நோய், ஹவாய்க்குக் குடிபோன ஜப்பானியர்களிடம் ஒன்றிரண்டு தலைமுறையில் அமெரிக்க அளவுக்கு ஏறியது. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களுக்குக் குறைவுதான், ஆனால் சென்னையைவிட நன்றாகவே அதிகம். ரத்தம் ஒன்றுதான், தட்டுதான் மாறியிருக்கிறது.

இப்போது 2015க்குத் திரும்பலாம். 10 நாடுகளின் 22 நிபுணர்கள், 800க்கும் மேற்பட்ட ஆய்வுகள். பதப்படுத்திய இறைச்சி முதல் பிரிவு. புகையிலையும் அதே பிரிவு. "பேக்கனும் சிகரெட்டும் ஒண்ணு" என்று தலைப்புப் போட்டார்கள் பாருங்கள், அது தப்பு. பிரிவு என்பது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிசு என்பதை இல்லை. ஆபத்தின் அளவு இதுதான்: தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி, 18 சதவீதம் கூடுதல். தினமும் 100 கிராம் சிவப்பு இறைச்சிக்கு, தொடர்பு உண்மை என்று வைத்துக்கொண்டால், 17 சதவீதம். சிவப்பு இறைச்சி என்பதில் மாடு, பன்றி, செம்மறி மட்டுமில்லை, நம்ம வெள்ளாடும் உண்டு. கோழி இல்லை. மீன் இல்லை.

18 சதவீதம் என்றால் நூறு பேரில் 18 பேருக்கு என்று அர்த்தமில்லை. ஆயுளில் நூறு பேரில் 5 பேருக்கு வரும் நாட்டில், தினமும் 50 கிராம் தின்றால் அது ஏறக்குறைய 6 ஆகும். இந்தியாவில் அடிப்படை அளவே நூறில் ஒன்றுக்கும் கீழே. அதில் 18 சதவீதம் என்னவென்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கிராமையும் போட்டுப் பார்ப்போம். மாயவரத்தில் நாலு பேர் உள்ள வீட்டில் ஞாயித்துக்கிழமை அரைக் கிலோ ஆட்டுக்கறி எடுக்கிறார்கள். எலும்போடு சேர்த்தே தலைக்கு 125 கிராம். ஏழு நாளுக்குப் பிரித்தால் தினம் சுமார் 18 கிராம். சமைத்த கறியாக வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை. அந்த வீடு அதன் வாசலுக்கே போகவில்லை. மாதம் ஒரு தரம் கறி எடுக்கிற வீடுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். டெல்டாவில் அவைதான் அதிகம்.

உப்புக்கண்டம்? கேட்பீர்கள் என்று தெரியும். முகமையின் வரையறைப்படி உப்பிட்டு, புளிக்கவைத்து, புகைபோட்டுப் பாதுகாக்கிற எந்த இறைச்சியும் பதப்படுத்தியதுதான். மஞ்சளும் உப்பும் தடவி வெயிலில் கட்டித் தொங்கவிட்ட ஆட்டுக்கறியும் இதில் அடங்கும். ஆனால் நம்ம பாட்டிமார் அதில் வெடியுப்புப் போடவில்லை. ரசத்துக்குத் தொட்டுக்க இரண்டு துண்டு, அவ்வளவுதான் அளவு. கருவாடு அந்த வரையறைக்குள் வராது. சீன முறை உப்பு மீன் என்று ஒன்று தனியாகப் புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கிறது, அது மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் புற்றுக்காக, குடலுக்காக இல்லை.

கறி எப்படிக் குடலைப் பாதிக்கும் என்பதற்கு மூன்று வழி சொல்கிறார்கள். ரத்தச் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்ற இரும்புச் சேர்மம் குடலுக்குள்ளேயே நைட்ரோசோ சேர்மங்கள் உண்டாக உதவுகிறது. நைட்ரைட் போட்ட கறியில் அது இன்னும் சுலபம். மூன்றாவது, தீயில் கருகும்படி சுடும்போது வருகிற வேதிப்பொருட்கள். குழம்பில் கொதிக்கும் கறிக்கு இந்த மூன்றாவது பெரிசாகப் பொருந்தாது. பார்பிக்யூ கடைக்குப் பொருந்தும். எல்லோரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. 2019இல் ஒரு நிபுணர் குழு, இந்த ஆதாரமெல்லாம் பலவீனமானது, கறியைக் குறைக்கச் சொல்ல இது போதாது என்று எழுதிப் பெரிய சண்டையே நடந்தது. என் கணிப்பில், பதப்படுத்திய கறி விஷயத்தில் ஆதாரம் நிற்கிறது. வாரம் ஒருநாள் ஆட்டுக்கறி விஷயத்தில் இழுத்துப் பிடித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

சைவக்காரர்கள் பக்கம்? அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் சபையினரிடம் செய்து 2015இல் வந்த ஆய்வில் சைவர்களுக்குக் குடல் புற்று 22 சதவீதம் குறைவு. இங்கிலாந்தில் 2009இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆய்வில் சைவர்களுக்கு 39 சதவீதம் அதிகம்! 2014இல் கூடுதல் தரவோடு திரும்பப் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்து, சைவரும் கறி தின்பவரும் ஏறக்குறைய சமம் என்று வந்தது. இரண்டு நாட்டு ஆய்விலும் மிகக் குறைவாக இருந்தவர்கள் யார் தெரியுமா? கறி தொடாமல் மீன் மட்டும் சாப்பிடுகிறவர்கள். அமெரிக்க ஆய்வில் 43 சதவீதம் குறைவு, பிரிட்டிஷ் ஆய்வில் 34. பட்டினவர் தெருவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மீன்தான் காப்பாற்றியது என்று நான் சொல்லவில்லை. அந்த மீன்காரர்கள் காய்கறி தின்று, குடிக்காமல், உடம்பை அசைத்து வாழ்கிற ரகம். ஆனால் "அசைவம்" என்ற ஒரு சொல்லில் மத்தி மீனையும் சாசேஜையும் ஒன்றாகக் கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இது எனக்கு ஏட்டு விஷயம் மட்டும் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு சித்தப்பா, வாழ்நாளில் ஒரு முட்டைகூடத் தொடாதவர். மலத்தில் ரத்தம் போனது. மூலச்சூடு என்று கருணைக்கிழங்கும் மோரும் சாப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினார். கறி தின்னாதவனுக்கு என்ன வரப்போகிறது என்று வீட்டில் யாருக்கும் வேறு சந்தேகமே வரவில்லை. கொலோனோஸ்கோபி பண்ணினபோது கல்லீரலுக்குப் போயிருந்தது. "நான் என்னடா தப்பாச் சாப்பிட்டேன்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இருபது வருஷம் கடையில் உட்கார்ந்த உத்தியோகம், மூணு வேளையும் பட்டை தீட்டின வெள்ளை அரிசி, சாயங்காலம் மைதா பலகாரம் என்று நான் இப்போது பட்டியல் போடலாம். ஒரு தனி மனுஷனுக்கு எதனால் வந்தது என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. ஆனால் ரத்தத்தைக் கண்டவுடனே பரிசோதித்திருந்தால் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பரவுவதற்கு முன் பிடித்தால் பெரும்பாலும் அறுவையிலேயே குணமாகிற நோய் இது. 45, 50க்கு மேல் மலப் பழக்கம் மாறினாலோ ரத்தம் தெரிந்தாலோ, சைவமோ அசைவமோ, மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சின்ன வயசிலும் வருகிறது, அதுவும் நினைவிருக்கட்டும்.

சென்னைப் பதிவேட்டில் பெருங்குடல் புற்று மெல்ல ஏறிக்கொண்டுதான் வருகிறது. ஆயுள் நீண்டது ஒரு காரணம். உடல் பருமன், குடி, புகை, நாள் முழுக்க நாற்காலி (இதைத் தட்டச்சு செய்கிறவனையும் சேர்த்து) மற்ற காரணங்கள். நார்ச்சத்து குறைந்தது இன்னொன்று. 2015இல் பிட்ஸ்பர்க் நகரத்து ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அதற்குள்ளேயே குடல் உட்சுவரின் அழற்சி அடையாளங்கள் இரண்டு பக்கமும் தலைகீழாக மாறின. இரண்டு வாரத்தில் புற்றுநோய் வராது, போகாது. ஆனால் குடல் எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறது பாருங்கள்.

டென்மார்க் இதில் ஒரு வேலை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் கறியில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் நைட்ரைட் சேர்க்கலாம் என்றபோது, டென்மார்க் பெரும்பாலான பொருட்களுக்கு 60தான் என்று பிடிவாதம் பிடித்தது. ஐரோப்பிய ஆணையம் மறுத்தது, வழக்கு நீதிமன்றம் போனது, 2003இல் நைட்ரைட் விஷயத்தில் டென்மார்க் பக்கம் தீர்ப்பு வந்தது. பேக்கனை உலகத்துக்கு விற்ற நாடு, தன் மக்கள் தட்டில் மட்டும் அளவைக் குறைத்து வைத்துக்கொண்டது என்று யாராவது கிண்டல் பண்ணலாம். பண்ணட்டும். 20 வருஷம் கழித்து 2023இல் ஐரோப்பிய ஒன்றியமும் தன் அளவைக் குறைக்க விதி கொண்டுவந்தது.

நம் பக்கத்தில் சிக்கன் சாசேஜும் சலாமியும் இப்போது சின்ன ஊர்க் கடைகளின் ஃப்ரீசருக்கும் வந்துவிட்டன, குழந்தைகளின் டிபன் டப்பாவுக்கும் வருகின்றன. கோழிதானே, சிவப்பு இறைச்சி இல்லையே என்று வாங்குகிறார்கள். பதப்படுத்திய பிறகு கோழியும் அந்த முதல் பிரிவு வரையறைக்குள் வந்துவிடுகிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தில் பாருங்கள். ஐ.என்.எஸ். 250 என்றிருந்தால் சோடியம் நைட்ரைட். 251 என்றால் சோடியம் நைட்ரேட். 252 என்பது பொட்டாசியம் நைட்ரேட், வங்காளத்திலிருந்து டேனிஷ் கப்பல்கள் ஏற்றிக்கொண்டு போன அதே வெடியுப்பு.